வசனம் பேசலாம் வாங்க! – ஒரு செய்முறைப் பாடம்



ஆண்டு மலருக்குக் கட்டுரை தாருங்கள் என்று அறிவிப்புப் பலகையில் ஒட்டியதுமே 'நேரத்தின் அருமை', 'இளைஞர்களும் வேலைவாய்ப்பும்' என்று நம்ம ஆட்கள் எழுதித் தள்ளிவிடுவார்கள் என்று எனக்குத் தெரியும். அதனால் நம் எல்லாருக்கும் மனப்பாடமான ஒரு பாடத்தை நான் எடுத்துக்கொண்டேன்: சினிமா வசனம். சிரிக்காதீர்கள்! இதிலும் பாஸ், ஃபெயில், அரியர் எல்லாம் உண்டு. நான் அரியர் வைத்துப் பாஸ் பண்ணினவன். ஆகவே ரெக்கார்டு நோட்டு முறையிலேயே எழுதுகிறேன்.

நோக்கம்

சினிமாவைப் பற்றிச் சண்டை போடுவது எப்படி, போட்ட பிறகும் ஒரே மேசையில் உட்கார்ந்து சாப்பிடுவது எப்படி என்று அறிதல்.

தேவையான பொருட்கள்

ஹாஸ்டல் அறை 1. கட்டில் 4. ரஜினி ரசிகன் 1. கமல் ரசிகன் 1 (அடியேன்). எதிலும் சேராதவன் 1. தூங்குகிறவன் 1.

கோட்பாடு

தமிழ் சினிமாவில் வசனத்துக்கென்றே கூட்டம் வந்த காலம் உண்டு. 1949-ல் வந்த 'வேலைக்காரி'க்கு அண்ணா வசனம் எழுதினார். சட்டத்தை இருட்டறை என்று அதில் சொன்னது மக்கள் வாயில் ஒட்டிக்கொண்டது. 32 வருஷம் கழித்து, 1981-ல், அதுவே ஒரு விஜயகாந்த் படத்துக்குத் தலைப்பாகவும் ஆனது. 1952 தீபாவளிக்கு 'பராசக்தி' வந்தது. வசனம் கலைஞர் மு. கருணாநிதி; சிவாஜி கணேசனுக்கு அதுதான் முதல் படம். அதன் கோர்ட் காட்சியைப் பேசிக்காட்டி நடிக்க வாய்ப்புக் கேட்டவர்கள் எத்தனையோ பேர். 1959-ல் 'வீரபாண்டிய கட்டபொம்மன்', வசனம் சக்தி டி.கே. கிருஷ்ணசாமி. பள்ளி ஆண்டு விழாவில் அட்டைக் கத்தியோடு ஜாக்சன் துரையிடம் யாராவது ஒருத்தன் கத்தாமல் இருந்திருக்கிறானா?

இது ஏன் இப்படிப் பரவியது? அந்தக் காலத்தில் நினைத்தபோது வீட்டில் படம் பார்க்க வழியில்லை. தியேட்டரை விட்டு வெளியே வந்தால் படம் போயே போச்சு. கையோடு கொண்டுவர முடிந்தது பாட்டும் வசனமும்தான். பாட்டுப் புத்தகம் மாதிரியே கதை வசனப் புத்தகமும் விற்றது. கல்யாண வீட்டிலும் கோயில் திருவிழாவிலும் 'திருவிளையாடல்' வசனத்தை ஒலிபெருக்கியில் போட்டார்கள். படமே பார்க்காத பாட்டிக்கும் வசனம் அத்துப்படி!

இன்னொரு காரணம், வசனம் நம் வேலைக்குப் பொருந்துவது. 1989-ல் வந்த 'கரகாட்டக்காரன்' வாழைப்பழத் தகராறை நினைத்துப் பாருங்கள். ஒர்க்‌ஷாப்பில் ரெண்டு ஸ்பேனர் வாங்கிப் போனவன் ஒன்றை மட்டும் திருப்பிக் கொடுத்தால், ஸ்டோர் கீப்பர் அண்ணனே அந்தக் கேள்வியைத்தான் கேட்கிறார். 2001-ல் 'ஃப்ரெண்ட்ஸ்' படத்தில் வடிவேலு தலையில் விழுந்த சுத்தியல், 2019 மே மாதம் மறுபடி உலகம் முழுக்கப் பேசப்பட்டது. ஃபிட்டிங் ஷாப்பில் சுத்தியல் கை நழுவினால் இன்றைக்கும் நாம் உச்சரிக்கிற பெயர் நேசமணிதான்.

சரி, பஞ்ச் வசனம் இருந்தால்தான் நல்ல படமா? எங்கள் அறையில் எதிலும் சேராதவன் ஒருத்தன் இருக்கிறான் என்றேனே, அவன் கட்சியே வேறு. "பேசாம இருக்கற படம்தான்டா படம்" என்பான். அவன் காட்டிய உதாரணத்துக்கு எங்களிடம் பதில் இல்லை. 1974-ல் 'தங்கப்பதக்க'த்தில் சிவாஜி கம்பீரமாகப் பேசிய வசனங்களை எழுதியவர் மகேந்திரன். அதே மகேந்திரன் 1979-ல் 'உதிரிப்பூக்கள்' எடுத்தபோது, பேச்சைச் சுருக்கி முகங்களைப் பேசவிட்டார். எழுதத் தெரியாமல் விட்டதல்ல; தெரிந்தே விட்டது!

செய்முறை

இனி என் அரியர் கதை.

மூன்றாம் ஆண்டு. எங்கள் நாலு பேருக்கும் ஒரே புராஜெக்ட், காலால் மிதித்து நிலக்கடலை உடைக்கும் இயந்திரம். ஒரு ஞாயிறு ராத்திரி ரஜினி ரசிகன் 'பாட்ஷா' (1995) வசனத்தை விரலை ஆட்டி ஆட்டிப் பேசிக்காட்டினான். நான் 'நாயகன்' (1987) கட்சி. கடைசியில் பேரன் வந்து நீங்க நல்லவரா கெட்டவரா என்று கேட்க, அவ்வளவு பெரிய மனுஷன் தெரியவில்லை என்று சொல்கிறாரே, அதற்கு ஈடாகுமா என்றேன். 2005-ல் 'டைம்' பத்திரிகை வெளியிட்ட உலகின் சிறந்த 100 படப் பட்டியலில் 'நாயகன்' இருக்கிறது என்றும் எடுத்துவிட்டேன். அவன் விடவில்லை. "உன் பட்டியலை நீயே வெச்சுக்க மாப்ளே. ஊர்ல எந்த ஆட்டோ பின்னாடியாவது உன் நாயகன் படம் இருக்கா?" அறையே சிரித்தது. தூங்குகிறவன்கூட எழுந்து சிரித்தான்.

எனக்குச் சுருக்கென்றது. ஜெயிக்க வேண்டும் என்ற வெறியில் சொல்லிவிட்டேன்: "ஆட்டோக்காரன் படம் ஆட்டோக்காரன் வீட்டுக்குத்தான்டா பிடிக்கும்."

அவன் அப்பா ஆட்டோ ஓட்டுகிறார். அது எனக்குத் தெரியும்.

சிரிப்பு நின்றுவிட்டது. அவன் ஒன்றும் பேசவில்லை. தலையணையை எடுத்துக்கொண்டு அடுத்த அறைக்குப் போனான். மறுநாள் பெட்டியும் போயிற்று.

அளவீடுகள்

பேசாமல் இருந்த நாட்கள்: 23. புராஜெக்ட் முன்னேற்றம்: பூஜ்யம். எங்களில் ஒழுங்காக வெல்டிங் வைக்கத் தெரிந்தவன் அவன் ஒருத்தன்தான். நான் வைத்த வெல்டிங்கைப் பார்த்த லேப் அண்ணன், "தம்பி, இது கடலை உடைக்கிற மெஷினா, தானே உடையிற மெஷினா?" என்றார்.

இந்த 23 நாளில் ஒருநாள், குற்றம் கண்டுபிடிக்க வேண்டுமென்றே 'பாட்ஷா'வை மறுபடி போட்டுப் பார்த்தேன். டைட்டிலிலேயே எனக்கு அடி விழுந்தது. வசனம்: பாலகுமாரன். நான் தலையில் வைத்து ஆடிய 'நாயகனு'க்கும் வசனம் அதே பாலகுமாரன்தான்! ஒரு பேனாவின் ரெண்டு பக்கத்தையும் பிடித்துக்கொண்டு நாங்கள் இழுத்திருக்கிறோம். ஒரு படத்துக்கு வேண்டியது சந்தேகமே இல்லாத வீரம். இன்னொன்றுக்கு வேண்டியது வயதான காலத்துச் சந்தேகம். ரெண்டையும் எழுத ஓர் ஆளால் முடிந்திருக்கிறது. ரெண்டையும் ரசிக்க நம்மால் முடியாதா?

அதோடு 'திருவிளையாட'லும் (1965) நினைவுக்கு வந்தது. அதில் நாகேஷ் தருமியாக வருவார். பாட்டு அவருடையது இல்லை. சிவன் எழுதிக் கொடுத்தது. ஆயிரம் பொன் கிடைக்குமென்று சபைக்குப் போகிறார். நக்கீரராக வரும் இயக்குநர் ஏ.பி. நாகராஜன், பாட்டில் பிழை இருக்கிறது என்றதும் விழிக்கிறார். பிழைக்குத் தகுந்த மாதிரி பரிசைக் குறைத்துக்கொள்ளச் சொல்லிப் பேரம் பேசுகிறார். இன்டர்னல் மார்க்குக்கு நாம் கெஞ்சுவது போலவே!

யோசித்தால் ரசிகர்களில் பாதிப்பேர் தருமிதான். வசனமும் இரவல், 'டைம்' பட்டியலும் இரவல். ஏன் பிடித்தது என்று கேட்டால் கோபம் மட்டும் சொந்தம். நக்கீரரோ எதிரே நிற்பது சிவனே என்றாலும் பாட்டில் உள்ள குற்றத்தைத்தான் பேசுகிறார். பாட்டைக் கொண்டுவந்தவன் பரம ஏழை என்று இளக்காரம் பண்ணி ஜெயிக்கவில்லை. நான் பண்ணியது அதைத்தான்.

24-ம் நாள் வெல்டிங் ஷாப்பில் அவன் தனியாக இருந்தான். போனேன். ஆயிரம் வசனம் தெரிந்த எனக்கு அன்றைக்கு ஒன்றும் உதவவில்லை. "உங்கப்பாவைச் சொன்னது தப்புடா" என்றேன். அவ்வளவுதான் வந்தது.

ரொம்ப நேரம் கழித்துச் சொன்னான். "எங்கப்பாவுக்கு அந்தப் படத்துல சண்டை பிடிக்காதுடா. தங்கச்சிக்கு டாக்டர் சீட்டு வாங்க மாணிக்கம் காலேஜுக்குப் போவானே, அந்த இடம்தான். என்னை இங்க சேர்த்துவிட்டுட்டு ஹாஸ்டல் வாசல்ல நின்னப்ப, அந்த சீனைத்தான் சொல்லிட்டுப் போனார்."

நான் அந்தப் படத்தில் விரல் ஆட்டுவதை மட்டும் பார்த்திருந்தேன். அவர் பார்த்தது தன்னை.

பிறகு அவன் முகமூடியை மாட்டிக்கொண்டு ஒரே வார்த்தை சொன்னான்: "பிடி." நான் ஃபிரேமைப் பிடித்துக்கொண்டேன்.

முன்னெச்சரிக்கைகள்

1. படத்தைத் திட்டலாம், பார்ப்பவனைத் திட்டக் கூடாது. அவன் வீட்டை இழுக்கவே கூடாது.

2. 'சூப்பர்', 'மொக்கை' என்பது விமர்சனம் இல்லை. எந்தக் காட்சி, ஏன் என்று சொல்ல வேண்டும். வைவாவில் அப்படிச் சொன்னால்தானே மார்க்?

3. எதிராளிக்கு அந்தப் படம் ஏன் பிடிக்கும் என்று முதலில் கேளுங்கள். பதில் சினிமாவில் இருக்காது, அவன் ஊரில் இருக்கும்.

4. நடிகரை மட்டும் கொண்டாடாமல், டைட்டிலில் வசனகர்த்தா பெயரையும் படியுங்கள். வேலை செய்தவன் பெயர் தெரியாமல் போவது எப்படிப்பட்ட வலி என்று நாளைக்கு ஷாப் ஃப்ளோரில் நிற்கப்போகிற நமக்குத் தெரிய வேண்டாமா?

5. மன்னிப்புக் கேட்கும்போது மட்டும் வசனம் பேசாதீர்கள். சொந்த வார்த்தை போதும்.

முடிவு

இயந்திரம் ஓடியது. கடலை உடைந்தது. ஜன்னல் ஓரக் கட்டிலுக்குப் பெட்டி திரும்பி வந்தது. 'பாட்ஷா'வா 'நாயகனா' என்ற சண்டை மட்டும் இன்னும் தீரவில்லை. நேற்று ராத்திரிகூட ஒரு மணி வரை நடந்தது. தீரவும் வேண்டாம் என்று நினைக்கிறேன்.



– மூன்றாம் ஆண்டு, இயந்திரவியல் துறை