சோற்றுக்குப் பின் ஒரு மணிநேரம்

பாடசாலைகளில் வாரம் ஒரு முறை எமக்கு ஒரு குளிசை தரப்படுகிறது. இரும்புச்சத்தும் போலிக் அமிலமும் சேர்ந்த குளிசை அது. எம் வகுப்பில் அதை விழுங்குபவர்களை விட ஒளிப்பவர்களே அதிகம். "வாயெல்லாம் இரும்பு மணக்கும்" என்பாள் ஒருத்தி. "வயிறு கறுத்துப் போகும்" என்பாள் இன்னொருத்தி. இடைவேளைக்குப் பின் யன்னலுக்கு வெளியே உள்ள பூச்செடிகளின் அடியில் பார்த்தால் குளிசைகள் கிடக்கும். சென்ற வருடம் வரை அவற்றில் ஒன்று என்னுடையதாகவும் இருந்தது.

பின்பு ஒரு நாள் மேல்மாடிப் படிகளில் ஏறும்போது எனக்குத் தலை சுற்றியது. உம்மா வைத்தியரிடம் கூட்டிச் சென்றார். குருதிப் பரிசோதனையில் ஈமோகுளோபின் 9.8 என்று வந்தது. வைத்தியர் அறிக்கையைப் பார்த்துவிட்டு முதலில் கேட்ட கேள்வி எங்கள் இருவருக்கும் வியப்பாக இருந்தது. "மகள், சோறு தின்றதும் தேத்தண்ணி குடிக்கிற பழக்கமா?"

அந்தக் கேள்விக்குப் பதில் தேடிப் படித்ததையே இங்கு எழுதுகிறேன். உயர்தர உயிரியல் படிக்கும் எனக்கு மட்டுமன்றி, தேயிலைத் தோட்டங்கள் சூழ்ந்த சப்ரகமுவவில் வாழும் எல்லா வீடுகளுக்கும் அது தேவையான விடயம் என்று நினைக்கிறேன்.

இரும்பு செய்யும் வேலை

அல்குர்ஆனின் 57ஆவது அத்தியாயத்தின் பெயர் அல்ஹதீத், அதாவது இரும்பு. வாளிலும் ஏரிலும் மட்டுமன்றி, எமது உடலின் ஒவ்வொரு செங்குழியத்திலும் இரும்பு இருக்கிறது. செங்குழியத்திலுள்ள ஈமோகுளோபின் என்ற புரதமே சுவாசப்பையிலிருந்து ஒட்சிசனை உடலெங்கும் சுமந்து செல்கிறது. அந்த ஒட்சிசனைப் பிடித்து வைத்திருப்பது அதன் நடுவிலுள்ள இரும்பு. இரும்பு குறைந்தால் ஈமோகுளோபின் குறையும். ஈமோகுளோபின் குறைந்தால் தசைக்கும் மூளைக்கும் போதிய ஒட்சிசன் கிடைக்காது. கர்ப்பிணியல்லாத பெண்களில் ஒரு டெசிலீற்றர் குருதியில் 12 கிராமுக்குக் குறைவான ஈமோகுளோபின் இருந்தால் அதைக் குருதிச்சோகை என்று உலக சுகாதார நிறுவனம் வரையறுக்கிறது.

பெண் பிள்ளைகளுக்கு இது ஏன் அதிகம் வருகிறது? ஒரு மில்லிலீற்றர் குருதியில் ஏறத்தாழ அரை மில்லிகிராம் இரும்பு உண்டு. மாதவிடாயில் 40 மில்லிலீற்றர் குருதி போனால் 20 மில்லிகிராம் இரும்பும் அதனுடன் போகிறது. எமது குடலோ ஒரு நாளைக்குச் சாதாரணமாக 1 முதல் 2 மில்லிகிராம் இரும்பையே உள்ளெடுக்கிறது. மற்ற வழிகளில் உடல் நாளாந்தம் இழப்பதையும் இதிலிருந்தே ஈடுசெய்ய வேண்டும். வளரும் வயதில் தேவை இன்னும் கூடுகிறது. வரவு சிறியது, செலவு பெரியது. இந்தக் கணக்கில் கொஞ்சம் தவறினாலும் கடன் ஏறிவிடும்.

தேயிலை மலையில் நடந்த ஆய்வு

இரும்புக் குறைவைப் பற்றி உலகம் அறிந்த முக்கியமான ஆய்வுகளில் சில எமது நாட்டின் தேயிலைத் தோட்டங்களில்தான் நடந்தன என்பது எனக்குப் புதிய செய்தி. 1970களில் லொஸ் ஏஞ்சலிஸ் நகரிலுள்ள கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் எட்ஜர்ட்டன் முதலான ஆய்வாளர்களும் இலங்கை மருத்துவர்களும் சேர்ந்து தோட்டத் தொழிலாளரைப் பரிசோதித்தனர். 1977இல் வெளிவந்த ஆய்வில், வெவ்வேறு ஈமோகுளோபின் அளவுள்ள பெண்களை ஓட்டப் பொறியில் நடக்கவைத்துப் பார்த்தார்கள். ஈமோகுளோபின் குறையக் குறைய அவர்களால் தாக்குப்பிடிக்க முடிந்த நேரமும் குறைந்தது.

1979இல் பிரித்தானிய மருத்துவ சஞ்சிகையில் வந்த ஆய்வு இன்னும் முக்கியமானது. ஒரு பகுதியினருக்கு இரும்புச்சத்தும், மற்றப் பகுதியினருக்கு அதைப் போலத் தோன்றும் மருந்தில்லாத குளிசையும் கொடுத்து, அவர்கள் பறித்த கொழுந்தை நிறுத்துப் பார்த்தனர். ஒரு மாதத்தில், இரும்பு கிடைத்து ஈமோகுளோபின் உயர்ந்தவர்கள் கூடுதலாகக் கொழுந்து பறித்தார்கள். மிகக் கடுமையான குருதிச்சோகை இருந்தவர்களிடமே முன்னேற்றம் அதிகமாக இருந்தது. வேலை முடிந்த பின்னரும் அவர்கள் முன்பை விடச் சுறுசுறுப்பாக நடமாடினர்.

இதைப் படித்தபோது எனக்கு நெஞ்சில் ஏதோ குத்தியது. காவத்தையிலோ இறக்குவானையிலோ எட்டியாந்தோட்டையிலோ மலைச் சரிவில் நிற்கும் ஒரு பெண்ணின் கொழுந்து, தராசில் குறித்த நிறைக்கு வராவிட்டால் அவளுக்கு அன்று அரைப்பேர்தான். "சோம்பேறி" என்ற பட்டமும் கூடவே கிடைக்கும். அந்தச் சோம்பலில் ஒரு பங்கு அவளுடைய குணமல்ல, குருதியிலுள்ள குறை என்று அந்த ஆய்வு நாற்பது ஆண்டுகளுக்கு முன்பே காட்டிவிட்டது. வகுப்பில் மேசை மீது தலை வைத்துப் படுக்கும் எமது தோழியையும் நாம் அதே சொல்லால் அல்லவா அழைக்கிறோம்?

1996இல் அமெரிக்காவின் பால்ட்டிமோர் நகரில் உயர்நிலைப் பாடசாலை மாணவிகளிடம் ஓர் ஆய்வு நடந்தது. அவர்களுக்குக் குருதிச்சோகை இருக்கவில்லை, ஆனால் இரும்புச் சேமிப்புக் குறைந்திருந்தது. எட்டு வாரங்கள் இரும்புச்சத்து எடுத்தவர்கள், சொற்களைக் கற்று நினைவில் வைக்கும் சோதனையில் மற்றவர்களை விட நன்றாகச் செய்தனர். பரீட்சைக்காக இரவு இரண்டு மணி வரை விழிக்கும் எமக்கு இது சிறிய செய்தியல்ல.

தேத்தண்ணி செய்யும் தடை

இப்போது வைத்தியரின் கேள்விக்கு வருவோம். தேயிலையில் பொலிபீனோல்கள் என்ற சேர்வைகள் உள்ளன. சாயத்துக்கு நிறத்தையும் துவர்ப்பையும் தருபவை அவையே. உணவிலுள்ள இரும்புடன் இவை சேர்ந்து கரையாத சேர்வையாக மாறுகின்றன. கரையாததைக் குடல் உள்ளெடுக்காது. அது கழிவோடு வெளியேறிவிடும். 1975இல் தென்னாப்பிரிக்க ஆய்வாளர்கள் இதைத் தெளிவாகக் காட்டினர். சோறும் பாணும் தரும் இரும்பு தேத்தண்ணியால் தடைப்பட்டது. சமைத்த ஈமோகுளோபினிலுள்ள இரும்பு, அதாவது இறைச்சியில் உள்ள வகை இரும்பு, தடைப்படவில்லை.

இங்கேதான் விடயம் இருக்கிறது. இறைச்சியும் ஈரலும் அடிக்கடி சமைக்கும் வீட்டுக்குத் தேத்தண்ணி பெரிய கேடு செய்யாது. ரொட்டியும் சம்பலும், சோறும் பருப்பும், கீரையும் மட்டும் உண்ணும் வீட்டில்தான் அது கை வைக்கிறது. குறைவாகக் கிடைப்பவரிடமிருந்தே அது அதிகம் எடுக்கிறது. உலகுக்குத் தேயிலை பறித்துக் கொடுக்கும் லயத்து வீடுகளில், காலை ரொட்டிக்கும் பகல் சாப்பாட்டுக்கும் துணை கடும் சாயம்தான். எங்கள் வீடுகளிலும் சோற்றுக் கோப்பை கழுவும் முன்பே பிளேன்டீ வந்துவிடுகிறது.

அப்படியானால் தேத்தண்ணியை விட்டுவிட வேண்டுமா? வேண்டாம். 2017இல் இங்கிலாந்தில் இளம் பெண்களிடம் நடந்த ஒரு சிறிய ஆய்வு நல்ல வழி காட்டுகிறது. உணவோடு சேர்த்துத் தேநீர் குடித்தபோது இரும்பின் அகத்துறிஞ்சல் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் குறைந்தது. உணவுக்கு ஒரு மணிநேரத்தின் பின் அதே தேநீரைக் குடித்தபோது அந்தத் தடை பெரிதும் தளர்ந்தது. நாம் செய்ய வேண்டியது ஒரு மணிநேரம் பொறுப்பது மட்டுமே. அதற்கு ஒரு சதமும் செலவில்லை.

தடை செய்வது தேத்தண்ணி என்றால் உதவி செய்வது விற்றமின் சீ. பருப்பிலும் கௌபியிலும் முருங்கைக் கீரையிலும் பொன்னாங்கண்ணியிலும் உள்ள இரும்பை, குடல் எளிதாக ஏற்கும் வடிவத்தில் அது வைத்திருக்கிறது. எனவே கீரைச் சுண்டலில் தேசிக்காய் பிழிவது சுவைக்காக மட்டுமல்ல. சாப்பிட்ட பின் பிளேன்டீக்குப் பதில் ஒரு துண்டு கொய்யா, பப்பாசி அல்லது தோடம்பழம் போதும். நெத்தலி கொஞ்சம் சேர்ந்தால் இன்னும் நல்லது.

குளிசையை எப்படி எடுப்பது?

குளிசைக்கும் இதே விதிதான். தேத்தண்ணியால் அதை விழுங்கினால் பூச்செடிக்குப் போட்டதில் பாதி செய்த மாதிரி. கோப்பியும் அப்படியே. 2023இல் வெளிவந்த சுவிற்சர்லாந்து ஆய்வொன்றில், இரும்புக் குளிசையுடன் கோப்பி குடித்த பெண்களில் அகத்துறிஞ்சல் 54 வீதம் குறைந்தது. தண்ணீருடன் அல்லது தேசிக்காய்த் தண்ணீருடன் எடுப்பதே சரி. பாலிலுள்ள கல்சியமும் தடை செய்வதால் பாலுடனும் வேண்டாம்.

அதே நாட்டில் 2017இல் வந்த இன்னோர் ஆய்வு ஆச்சரியமானது. இரும்புக் குறைவுள்ள பெண்களில் ஒரு பகுதியினர் நாள்தோறும் குளிசை எடுத்தனர், மற்றவர்கள் ஒன்றுவிட்ட ஒரு நாள் எடுத்தனர். ஒவ்வொரு குளிசையிலிருந்தும் உடலுக்குச் சேர்ந்த இரும்பு முதற் பகுதியினரில் ஏறத்தாழ 16 வீதமாகவும், மற்றவர்களில் 22 வீதமாகவும் இருந்தது. காரணம் ஈரல் சுரக்கும் ஹெப்சிடின் என்ற ஓமோன். ஒரு குளிசை எடுத்ததும் ஹெப்சிடின் உயர்ந்து, அடுத்த நாள் வரை குடலின் வாசலைப் பாதி மூடி வைக்கிறது. ஒரு நாள் விட்டால் வாசல் மீண்டும் திறக்கிறது. ஆனால் இதைப் படித்துவிட்டு யாரும் தம் மருந்தைத் தாமே மாற்றக் கூடாது. குறிப்பாகக் கருவுற்ற தாய்மார் கிளினிக்கில் சொன்ன முறையையே பின்பற்ற வேண்டும்.

குளிசை எடுத்தால் மலம் கறுப்பாகப் போகலாம். அது பயப்பட வேண்டியதல்ல, உள்ளெடுக்காத இரும்பின் நிறம். குமட்டினால் கொஞ்சம் சாப்பிட்ட பின் எடுக்கலாம்.

எல்லாச் சோகையும் ஒன்றல்ல

இன்னொன்றையும் பெற்றோருக்குச் சொல்ல வேண்டும். குருதிச்சோகை என்றாலே இரும்புக் குறைவு என்று முடிவு செய்ய முடியாது. கொழுக்கிப்புழு குடலில் ஒட்டிக் குருதியை உறிஞ்சும். கடந்த நூற்றாண்டின் தொடக்கத்திலேயே ரொக்பெல்லர் மன்றம் இலங்கைத் தோட்டங்களில் இந்தப் புழுவுக்கு எதிராக வேலை செய்தது. மண்ணில் செருப்பின்றி நடப்பவர்களுக்கு இன்றும் அந்த ஆபத்து உண்டு. ஆகவே புழுமருந்தும் மலசலகூடமும் செருப்பும் குருதிச்சோகைக்கான மருந்துகளே. எமது நாட்டில் தலசீமியாவைக் காவும் மக்களும் உள்ளனர். அவர்களின் ஈமோகுளோபின் குறைவு பரம்பரையால் வருவது, இரும்பால் சரியாகாது. மாதவிடாயில் அளவுக்கு மிஞ்சிக் குருதி போகும் பிள்ளை வெட்கத்தால் மறைக்காமல் உம்மாவிடம் சொல்ல வேண்டும். குருதிப் பரிசோதனை செய்து காரணத்தை அறிந்த பிறகே நீண்ட நாள் மருந்து எடுக்க வேண்டும்.

நோன்பு காலத்தில்

ரமழானில் எமது பழக்கம் இன்னும் கவனிக்கத் தக்கது. பகல் முழுவதும் வெறும் வயிறு. இஃப்தாரில் பேரீச்சம்பழமும் கஞ்சியும் உண்டவுடன் தேத்தண்ணி. ஸஹரிலும் கடைசி மிடறு தேத்தண்ணி. கிடைக்கும் இரண்டு வேளை உணவிலும் இரும்பு தடைப்பட்டுவிடுகிறது. இஃப்தாரில் தேசிக்காய்த் தண்ணீர் குடித்து, தேத்தண்ணியைத் தராவீஹ் தொழுகைக்குப் பின் வைத்துக்கொள்ளலாம். ஸஹரில் தண்ணீரோ பழமோ போதும்.

எங்கள் வீட்டில் இதை நடைமுறைப்படுத்துவது எளிதாக இருக்கவில்லை. "தேத்தண்ணி இல்லாமல் சோறு இறங்கினதாகவே இல்லையே" என்றார் வாப்பா. உம்மா கடிகாரத்தைக் காட்டி, "லுஹருக்குத் தொழுதுவிட்டு வாருங்கள், ஊற்றித் தருகிறேன்" என்றார். இப்போது பகல் உணவுக்கும் தேத்தண்ணிக்கும் நடுவில் ஒரு தொழுகை இருக்கிறது. மூன்று மாதம் குளிசை எடுத்த பின் என் ஈமோகுளோபின் 12.1 ஆனது. படிகளில் இப்போது நின்று மூச்சு வாங்குவதில்லை.

ஆரோக்கியமும் ஓய்வும் பலர் ஏமாந்து போகும் இரு அருட்கொடைகள் என்று எமது நபி (ஸல்) அவர்கள் எச்சரித்துள்ளார்கள். தோழிகளே, அடுத்த வாரம் குளிசை கைக்கு வரும்போது அதைப் பூச்செடிக்குக் கொடுக்காதீர்கள். உங்கள் போத்தலில் தேத்தண்ணி இருந்தால், பக்கத்தில் இருப்பவளிடம் ஒரு மிடறு தண்ணீர் கேட்டு வாங்கி விழுங்குங்கள். மலையிலிருந்து களைத்து வரும் ஓர் அயல்வீட்டு அக்காவைக் கண்டால், சோற்றுக்குப் பின் அந்த ஒரு மணிநேரத்தைப் பற்றி அவருக்கும் சொல்லிவையுங்கள்.