கணக்கு ஒப்புவித்தலும் கைங்கர்யமே

ஆலயம் ஆராதனத்திற்கு மட்டும் உரிய இடம் என்று நம் முன்னோர் கருதினாரல்லர். ஊர்ச் சபை கூடும் மண்டபமும் அதுவே. ஊரார் கூடி எடுத்த முடிவுகளைத் தாங்கி நிற்கும் அழியா ஏடும் அதன் சுவர்களே. எம்பெருமான் சந்நிதியில் சொல்லிய சொல்லை மீறுதல் தகாது என்னும் அச்சமும் அன்பும் அம்முடிவுகளுக்குக் காவலாக நின்றன. இதற்குத் தலையாய சான்று, காஞ்சிபுரம் மாவட்டத்து உத்தரமேரூரில் உள்ள வைகுண்டப் பெருமாள் கோயிற் சுவரில் காணும் கல்வெட்டுகளாகும்.

முதற் பராந்தக சோழன் ஆட்சியில், கி.பி. 919-ஆம் ஆண்டிலும் கி.பி. 921-ஆம் ஆண்டிலும், அவ்வூர் மகாசபையார் செய்துகொண்ட ஏற்பாடுகள் இரண்டு அங்குப் பொறிக்கப்பட்டுள்ளன. அரசன் சார்பில் அதிகாரி ஒருவர் உடனிருந்தார். எனினும் முடிவு செய்தவர்கள் சபையாரே. குடவோலை முறை என்று பள்ளி மாணவரும் அறிந்த செய்தி இதுவாகும். ஆயினும் ஓலை எடுத்த அழகையே வியந்து பேசி, அதனினும் அரிய பகுதியை நாம் பெரும்பாலும் விட்டு விடுகின்றோம். அப்பகுதியைச் சிந்திப்பதே இச்சிறு கட்டுரையின் நோக்கம்.

வாரியங்களும் அவற்றின் பணியும்

அவ்வூர் 30 குடும்புகளாகப் பிரிக்கப்பட்டிருந்தது. குடும்பு என்பது இந்நாளில் நாம் கூறும் வார்டு போன்றதொரு பகுதி. ஒவ்வொரு குடும்பிலிருந்தும் ஒருவராக முப்பதின்மர் தேர்ந்தெடுக்கப்பட்டனர். அவருள் முன்னர்த் தோட்ட வாரியமும் ஏரி வாரியமும் செய்து பழகியவர்களும், கல்வியாலும் வயதாலும் முதிர்ந்தவர்களுமாகிய பன்னிருவர் சம்வத்சர வாரியத்தில் அமர்ந்தனர். எஞ்சியோருள் பன்னிருவர் தோட்ட வாரியத்தையும், அறுவர் ஏரி வாரியத்தையும் ஏற்றனர். பொன் வாரியம், பஞ்சவார வாரியம் ஆகியவற்றிற்குத் தனியே அவ்விரண்டு அறுவர் அமைந்தனர். பதவிக் காலம் 360 நாள்.

இவ்வைப்பு முறையில் ஒரு நுட்பம் உண்டு. ஏரிக் கரையில் நின்று மடையையும் மதகையும் பார்த்தவர், தோட்டத்தைப் பேணியவர், அதன் பின்னரே ஊரின் பெரிய வாரியத்திற்கு வருகின்றார். தலைமை என்பது வேலையின் மேல் ஏற்றி வைத்த முடியன்று. வேலையிலிருந்து விளைந்த கனி என்பதே சபையார் கருத்தாகும்.

ஓலை எடுத்த முறை

தகுதியுடையார் பெயர்களைக் குடும்பு குடும்பாக ஓலைகளில் எழுதிக் கட்டி, ஒவ்வொரு கட்டிற்கும் குடும்பின் பெயர் தோன்ற வாயோலை பூட்டிக் குடத்தில் இடுவர். சிறியவரும் பெரியவரும் சூழ மகாசபை கூடும். அன்று ஊரில் இருந்த நம்பிமார் ஒருவரும் விடுபடாமல் சபையில் அமர்த்தப்படுவர். அவருள் மூத்தவர் குடத்தை எல்லாரும் காண எடுத்து நிற்க, உள்ளிருப்பது இன்னதென்று அறியாத சிறுவன் ஒருவன் ஒரு கட்டை எடுப்பான். அக்கட்டை வேறொரு குடத்திலிட்டுக் குலைத்து, அதிலிருந்து ஓரோலை எடுக்கப்படும். அதனை வாங்கும் மத்தியஸ்தன் ஐந்து விரலும் விரிய உள்ளங்கையை நீட்டி ஏற்க வேண்டும். அவன் வாசித்த பின்னர், அங்கிருந்த நம்பிமார் அனைவரும் அதனையே வாசிக்க வேண்டும். அதன் பிறகே அப்பெயர் ஏற்கப்படும்.

விரலை விரிக்கச் சொன்னது மத்தியஸ்தனைக் கள்வன் என்று ஐயுற்றதாலன்று. நல்லவன் மீதும் வீண்பழி வாராதிருக்க வேண்டுமாயின், அவன் செய்வது எல்லார் கண்ணுக்கும் புலப்பட வேண்டும். வெளிப்படையான முறை என்பது நேர்மையாளனுக்கு விலங்கன்று, கவசமாகும்.

தகுதியும் தடையும்

ஓலையில் பெயர் எழுதப்படுவதற்குரிய தகுதிகளும் விரிவாகக் கூறப்பட்டுள்ளன. இறை செலுத்தும் கால்வேலிக்கு மேற்பட்ட நிலமும், தன் மனையில் கட்டிய வீடும், 35 வயதுக்கு மேல் 70 வயதுக்கு உட்பட்ட பருவமும், வேதக் கல்வியும், காரியத்தில் தேர்ச்சியும் வேண்டும். கல்வி மிக்கவர்க்கு அரைக்கால் வேலி நிலமே போதும். இவற்றோடு அர்த்த சௌசமும் ஆத்ம சௌசமும் உடையவராக இருத்தல் வேண்டும். அதாவது, பொருள் வந்த வழியும் தூயது, நெஞ்சமும் தூயது என்று ஊரார் அறிந்தவராக இருத்தல் வேண்டும். மூன்றாண்டுகளுக்குள் வாரியம் செய்தவர்க்கு மீண்டும் இடமில்லை.

இனித் தடைகளைக் காண்போம். பிறர் பொருளைக் கவர்ந்தவர், மகாபாதகம் செய்தவர் முதலானோர் விலக்கப்பட்டமை எங்கும் எதிர்பார்க்கத் தக்கதே. ஆனால், முன்பு வாரியம் செய்து கணக்குக் காட்டாது போனவரும் அவ்வாறே விலக்கப்பட்டனர். அவர் மட்டுமோ? அவருடைய தந்தை, மகன், உடன்பிறந்தான், மாமனார், மருமகன், மைத்துனன், சகோதரியின் மக்கள், தாயுடன் பிறந்தாளின் மக்கள், அத்தை மக்கள், மாமன் மக்கள் என உறவு முறை ஒவ்வொன்றாக எண்ணி, அவர் பெயரும் குடத்தில் இடலாகாது என்றனர்.

அன்பர்கள் இதனைச் சிறிது ஊன்றி நோக்க வேண்டும். பொதுப்பொருளை எடுத்துக்கொண்டான் என்று மெய்ப்பிக்கப்பட்டவனைப் பற்றி மட்டும் பேசவில்லை. கணக்கைக் காட்டாமலே போனவனைப் பற்றியும் பேசுகின்றது இந்த விதி. கையாடல் செய்தானோ இல்லையோ, கணக்கை ஒப்புவியாமையே ஒரு குற்றம். ஊரின் பொருளைக் கையில் வாங்கியவன் அதனை வகை சொல்லித் திரும்பக் கொடுக்கும் வரையில் அவன் பணி முடிந்ததாகாது.

குற்றம் செய்யாத உறவினரையும் விலக்குதல் நீதியோ என்று ஒருவர் வினவலாம். இக்காலத்து நியாயப்படி அது கடுமையே. ஆயினும் அதன் பயனை எண்ணிப் பார்க்கலாம். தான் விலகித் தன் மைத்துனனை அமர்த்தி, பழைய கணக்கை அவன் கையாலேயே மூடிவிடும் வழி இதனால் அடைபட்டது. “எங்கள் பெயரும் கெடுமே, கணக்கைக் காட்டிவிடு” என்று வீட்டிலுள்ளாரே இடித்துரைக்கவும் இது தூண்டியிருக்கும் அன்றோ?

கணக்கு எழுதுவோனுக்கும் விதி உண்டு. நேர்மையாகப் பொருளீட்டுபவனே கணக்கு எழுத வேண்டும். தான் எழுதிய கணக்கைத் தானே பெருங்குறிப் பெருமக்களிடம் ஒப்புவித்து, அது சுத்தம் என்று காணப்படும் வரையில் அவன் வேறு கணக்கில் புகலாகாது. அவன் கணக்கை முடிக்க வேறொருவன் நுழைதலும் ஆகாது. வாரியத்தில் இருப்பவர் மீது குற்றம் காணப்பட்டால், ஆண்டு முடியும் வரையில் காத்திராமல் அப்போதே நீக்குக என்பதும் முடிவு.

திருத்திக்கொள்ளும் பெருமை

கி.பி. 919-இல் ஓர் ஏற்பாடு செய்த சபை, இரண்டே ஆண்டுகளில் அதனைத் திருத்தி விரித்தது. 30 முதல் 60 வரை என்றிருந்த வயது வரம்பும் மாற்றப்பட்டது. முன்பு கல்லில் வெட்டிவிட்டோமே என்று தயங்கவில்லை. குறை கண்டவிடத்துப் புதிதாக வெட்டினர். மூத்தோர் செய்த முடிவாயினும் ஊர் நலத்திற்கு ஏற்பத் திருத்துவது அவமதிப்பன்று என்பதற்கு இதனினும் சான்று வேண்டா.

அச்சபைக்கும் எல்லை உண்டு என்பதை மறைத்தல் தகாது. அது பிரமதேயமாகிய சதுர்வேதிமங்கலம். நிலமும் வேதக் கல்வியும் உடைய ஆடவர்க்கே ஓலையில் இடமிருந்தது. உழுதவரும் தூர் வாரியவரும் பெண்டிரும் குடத்திற்கு வெளியே நின்றனர். இன்று வயது வந்தோர் அனைவர்க்கும் வாக்குரிமை உண்டு; தமிழ்நாட்டு உள்ளாட்சிகளில் பெண்டிர்க்குச் சரிபாதி இடம் ஒதுக்கும் சட்டத் திருத்தம் 2016-இல் வந்தது. யார் அமரலாம் என்பதில் நாம் முன்னோரினும் விரிந்துள்ளோம், மகிழத் தக்கதே. அமர்ந்தவர் எவ்வாறு இறங்க வேண்டும் என்பதில் அவர் காட்டிய கண்டிப்பு நம்மிடம் உண்டோ என்பதே நம்மை நாமே வினவிக்கொள்ள வேண்டிய வினா.

நாம் கொள்ள வேண்டுவது

உற்சவம் என்றால் எத்தனை கைகள்! பந்தலுக்கு ஒருவர், புஷ்பத்திற்கு ஒருவர், தளிகைக்கு ஒருவர், ததீயாராதனத்திற்கு ஒருவர் என்று பொறுப்பேற்கின்றனர். உபயதாரர் தரும் பெருந்தொகையும், ஏழை மூதாட்டி முந்தானையில் முடிந்து வந்து தரும் சில காசும் ஒரே தட்டில் விழுகின்றன. இரண்டும் எம்பெருமான் பொருளே. அதனை வாங்கிய கை, வாங்கியது இவ்வளவு, செலவிட்டது இவ்வளவு, எஞ்சியது இவ்வளவு என்று ஊரார் முன்னிலையில் சொல்லும் நாளிலேதான் அந்தக் கைங்கர்யம் பூர்த்தியாகின்றது. கணக்குக் கேட்பவரைப் பகைவராக எண்ணுதலும், “என்னையா கேட்கிறாய்?” என்று சினத்தலும் அடியார்க்கு அழகல்ல. நாமெல்லாம் அவன் உடைமை என்று நாள்தோறும் சொல்லுகின்ற நாம், அவன் உடைமைக்குக் கணக்குச் சொல்லக் கூசலாமோ?

பொறுப்பை மூன்றாண்டு விட்டுக் கொடுத்தலும் இதனோடு சேர்ந்ததே. ஒருவரே பல்லாண்டு தாங்கும் பணி, அவர் தளர்ந்த அன்று தானும் தளரும். இளையவர்க்குக் கற்பித்து, அவர் கையில் சாவியையும் கணக்கேட்டையும் ஒருங்கே கொடுத்து விலகுபவரே மெய்யான தலைவர்.

உத்தரமேரூர்ச் சுவரில் அவ்வாண்டுகளில் வாரியம் செய்து செவ்வனே விலகியவர் பட்டியல் இல்லை. அவர்கள் கட்டிக் காத்த நெறி மட்டும் ஆயிரம் ஆண்டுகளுக்கு மேலாக அங்கு நிற்கின்றது. நம் ஊர் உற்சவம் இனிதே நிறைவேறி, அதன் கணக்கும் கொடியிறக்கத்தோடு தாமதியாது சந்நிதியில் வாசிக்கப்பட எம்பெருமான் திருவருள் முன்னிற்பதாக.