பொருளாதாரம் படிக்கப் போகும் மகன்

எஸ்.டி.பி.எம். பரீட்சையில் தேறிய மகன், உத்தாரா மலேசியா பல்கலைக் கழகத்தில் பொருளாதாரம் படிக்க வேண்டும் என்கிறான். "அதைப் படித்தால் கடைக்கு உதவுமா?" என்று தகப்பனார் கேட்கிறார். மூன்று வருஷத்துக்குக் குறையாமல் பிள்ளை கடையை விட்டுப் போவதால், கேள்வி நியாயமானதே. இக்கலாசாலை 1984ல் தொடங்கியது. 1990ல் கெடா மாநிலத்தின் சிந்தோக்கில், தாய்லாந்து எல்லைக்கு அருகே, முன்னாளில் ஈயம் எடுத்த பகுதியில் குடியேறியது.

பேரேடு எழுதவும் ஐந்தொகை போடவும் கணக்கியல் படிக்க வேண்டும். சரக்கின் தரம் பார்த்து வாங்கும் சாமர்த்தியமோ எந்த வகுப்பிலும் கிடைக்காது; கல்லாவில் உட்கார்ந்துதான் வரும். பேரேட்டில் ஏறாத செலவைக் காணக் கற்பிப்பதே பொருளாதாரம்.

ஓர் உதாரணம். நம் சகோதரர் ஒருவர் சொந்தக் கட்டடத்தில் மளிகைக் கடை நடத்துகிறார். வாடகை இல்லை, மாதம் 6,000 வெள்ளி லாபம் என்று வைத்துக்கொள்வோம். அதே கட்டடத்தை வாடகைக்கு விட்டால் 3,500 வெள்ளி வரும். அவரே இன்னொருவர் கடையில் நிர்வாகியாக இருந்தால் 3,000 வெள்ளி சம்பளம். இரண்டும் சேர்ந்து 6,500. லாபம் என்று அவர் நினைத்தது, உள்ளபடி மாதம் 500 வெள்ளி நஷ்டம்! இதை வாய்ப்புச் செலவு என்பார்கள். முதல் வருஷப் பாடம் இது. கடையை மூடச் சொல்லவில்லை. தெரிந்து நடத்துவது வேறு, தெரியாமல் நடத்துவது வேறு.

இந்தக் கல்வி ஏதோ அந்நியச் சரக்கு என்று எண்ண வேண்டாம். 1377ல் 'முகத்திமா'வை எழுதிய இப்னு கல்தூன், ஜனத்தொகை பெருகிய நகரில் தானியம் மலிவாகவும் ஆடம்பரப் பொருள் கிராக்கியாகவும் இருப்பதற்குக் காரணம் ஆராய்ந்தார்.

நம் நாட்டிலேயே பாருங்கள். சிங்கப்பூரிலிருந்த மலாயாப் பல்கலைக் கழகத்தில் பொருளாதாரம் படித்தவர் பேராசிரியர் உங்கு அஜீஸ். ஹஜ்ஜுக்குப் போக வேண்டிக் கிராமத்து மக்கள் வீட்டில் பணத்தை முடக்கி வைப்பதையும், நிலத்தையும் மாட்டையும் விற்றுவிட்டுத் திரும்பி வந்து வறுமைப்படுவதையும் அவர் கண்டார். வட்டி கலவாமல் சேமிக்க ஓர் ஏற்பாடு வேண்டும் என்று 1959ல் அரசாங்கத்துக்கு யோசனை சொன்னார். 1963ல் ஹஜ் சேமிப்புக் கழகம் தோன்றியது. 1969ல் ஹஜ் விவகார அலுவலகத்தோடு இணைந்தது. இன்று தாபோங் ஹாஜி என்று நாம் கணக்கு வைத்திருப்பது அதில்தான்.

படிப்பு சுலபமல்ல. கதை போல் வாசித்து எழுதிவிடலாம் என்று போகிறவன் கணிதத்திலும் புள்ளியியலிலும் திணறுகிறான். இரண்டையும் கொண்டு விலை, தேவை முதலியவற்றை அளக்கும் பாடம் பின்னால் வருகிறது. மலாயும் ஆங்கிலமும் தடையின்றி வாசிக்க வர வேண்டும்.

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறோம். பட்டம் பெற்றவன் வங்கிக்கோ அரசாங்க உத்தியோகத்துக்கோ போய்விடலாம். கடைக்குத் திரும்புவான் என்று யாரும் உறுதி தர முடியாது. அத்தா போட வேண்டிய வாய்ப்புச் செலவுக் கணக்கில் அதுவும் ஒன்று. விண்ணப்பம் அனுப்புமுன் இருவரும் ஒரு நாள் கடை அடைத்தபின் உட்கார்ந்து, கட்டணம், விடுதிச் செலவு, மகனுக்குப் பதிலாக வைக்கும் ஆளின் சம்பளம் எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதிப் பார்க்கட்டும். கூட்டலை மகனே செய்யட்டும்.