இரண்டாம் பாகம் தேறுமா? உரசிப் பார்க்க 8 குறிப்புகள்

அறிவியல் கதை ஒன்று பிடித்துப்போனால் அதன் அடுத்த பாகத்தையும் தேடுகிறோம். முதலுக்கு அது ஈடுதானா என்று வீட்டிலேயே தெரிந்துகொள்ளலாம். சுஜாதாவின் ‘என் இனிய இயந்திரா’, ‘மீண்டும் ஜீனோ’ நாவல்களும் ஷங்கரின் ‘எந்திரன்’ (2010), ‘2.0’ (2018) படங்களும் இதற்கு நல்ல உரைகல்.

1. வரிசை மாற்றாமல் முதல் பாகத்திலிருந்தே தொடங்குங்கள். புதுக்கோட்டை மாவட்ட மைய நூலகத்திலோ புத்தகத் திருவிழாவிலோ இரண்டு நாவல்களையும் சேர்த்தே கேளுங்கள்.

2. முதலாவதில் மனதில் நின்ற மூன்று விஷயங்களைத் தாளில் எழுதி வையுங்கள். இரண்டாவதில் அவை அப்படியே திரும்பி வந்தால் அது நகல். வளர்ந்திருந்தால்தான் தொடர்ச்சி.

3. கதை எழுப்பும் கேள்வியைப் பாருங்கள். இயந்திரத்துக்கு உணர்ச்சி வந்தால் என்ன ஆகும் என்று கேட்டது ‘எந்திரன்’. ‘2.0’ செல்போன் கதிர்வீச்சு, பறவைகளின் அழிவு என்று வேறு கவலைக்குப் போகிறது. புதுக் கேள்வி வரட்டும்; பழையதை அந்தரத்தில் விட்டிருந்தால் மதிப்பெண்ணைக் குறையுங்கள்.

4. பழைய முடிவு மதிக்கப்பட்டிருக்கிறதா? ‘எந்திரன்’ முடிவில் ரோபோ சிட்டி தன்னைத்தானே கழற்றிக்கொள்கிறது, ‘2.0’வில் மறுபடி பூட்டப்படுகிறது. அந்தப் பிரிவின் கனத்துக்கு ஏற்ற காரணம் கதையில் இருக்க வேண்டும்.

5. பாத்திரங்கள் நகர்ந்திருக்கிறார்களா? ‘என் இனிய இயந்திரா’வில் கணவன் சிபியைத் தேடி அலைந்த நிலா, ‘மீண்டும் ஜீனோ’வில் நாட்டின் ராணி. ஆட்களை மாற்றாமல் அவர்களின் நிலையை மாற்றுவதே நல்ல உத்தி.

6. பிரம்மாண்டத்தைக் கழித்துவிடுங்கள். 3டி-யில் பார்த்த ‘2.0’வை வீட்டு டிவியில் இன்னொரு முறை பாருங்கள். பிறகு படம் பார்க்காத ஒருவருக்கு ஐந்து வாக்கியத்தில் கதை சொல்லுங்கள். அவர் “அப்புறம்?” என்று கேட்டால் கதை நிற்கும்.

7. முதலாவதைப் புரட்டிப்போடும் துணிச்சல் இருக்கிறதா? 1984-இல் கொல்ல வந்த ‘டெர்மினேட்டர்’ இயந்திரத்தின் அதே உருவம், 1991-இல் வந்த இரண்டாம் பாகத்தில் சிறுவனைக் காக்க வருகிறது. பலர் அதை முதல் பாகத்தைவிட உயர்வாகச் சொல்ல இந்தத் திருப்பமும் ஒரு காரணம்.

8. கடைசிச் சோதனை: இரண்டாவதை முடித்ததும் முதலாவதை மறுபடி எடுக்கத் தோன்ற வேண்டும். ‘மீண்டும் ஜீனோ’வுக்குப் பிறகு, இயந்திர நாய் ஜீனோ அறிமுகமாகும் பக்கங்களைப் புரட்டுங்கள். முன்பு கவனிக்காத ஒன்றாவது கண்ணில் பட்டால், தயங்காமல் தேர்ச்சி கொடுங்கள்.