ஒளியை ஆண்ட மனை

இங்கிலாந்தின் பழைய நகர்மனைகள் பெரும்பாலும் வரிசையாய், ஒன்றன் சுவரோடு ஒன்று ஒட்டி நிற்பன. அவற்றிற்கு முன்னும் பின்னுமன்றிப் பக்கங்களிற் சாளரம் இல்லை. ஆதலின் நடுவறைகள் இருளடைதல் இயல்பு. இவ்விருளைக் கட்டடக் கலைஞர் ஒருவர் வென்ற வகையை, இலண்டனில் லிங்கன்ஸ் இன் பீல்ட்ஸ் என்னுஞ் சதுக்கத்தின் வடபாலுள்ள 13ஆம் இலக்க மனையிற் காண்போம்.

அதனை எடுப்பித்தவர் சேர் ஜோன் சோன் (1753–1837). செங்கற் கொத்தர் ஒருவரின் மைந்தராய்ப் பிறந்து, 1788 முதல் 1833 வரை இங்கிலாந்து வங்கியின் கட்டடக் கலைஞராய் விளங்கியவர். அயலிலுள்ள 12ஆம் இலக்க மனையை 1792இலும், இதனை 1812இலும், 14ஆம் இலக்க மனையை 1823இலும் அவர் கட்டத் தொடங்கினார்.

மனையின் செங்கற் சுவருக்கு முன்னே, போட்லண்ட் என்னும் வெள்ளைக் கல்லாலாகிய வளைவுகள் தெருப்பக்கம் நீண்டு நிற்கின்றன. அவ்வாறு நீண்டமை விதிக்கு மாறென அவ்வட்டாரக் கட்டட அதிகாரி வழக்குத் தொடுத்தார். வெற்றி சோனுக்கே கிடைத்தது.

இனி உள்ளே புகுவோம். காலையுணவு அறையின் விதானம் ஒரு சிறு குவிமாடம். அது சுவர்களோடு முற்றும் பொருந்தாது, விரித்த குடைபோல நடுவே நிற்கின்றது. குவிமாடத்துக்கும் சுவருக்கும் இடைப்பட்ட வெளியில், கூரைச் சாளரத்து ஒளி மறைவாய் இறங்கிச் சுவரை விளக்குகின்றது. ஆங்காங்கே பதித்த குவியாடிகள் அறை முழுவதையுஞ் சிற்றுருவாய்க் காட்டுகின்றன. சிலவிடங்களில் மஞ்சட் கண்ணாடி இட்டமையால், இலண்டனின் மங்கிய பகலும் பொன்வெயிலாய்த் தோன்றும். சித்திர அறையின் சுவர்களோ அலுமாரிக் கதவு போலத் திறப்பன. திறந்தால் உள்ளேயும் சித்திரங்கள். இங்ஙனம் ஒரு சிற்றறையில் நூற்றுக்கு மேற்பட்ட சித்திரங்கள் அடங்கின.

இவையாவும் தம் மகிழ்ச்சி ஒன்றற்கே அமைந்தன அல்ல. 1806இல் றோயல் அக்கடமியிற் கட்டடக் கலைப் பேராசிரியராகிய சோன், மாணாக்கர் நேரிற் கண்டு கற்குமாறு சிலைகளையும் பழங்கட்டட உறுப்புக்களையும் இங்கே தொகுத்தார். தம் மைந்தரும் இக்கலையைப் பயில்வரென அவாவினார். ஆனால், இளையவர் ஜோர்ஜ் 1815இல் தந்தையின் கட்டடங்களைப் பெயர் மறைத்துப் பத்திரிகையில் இகழ்ந்தார். மூத்தவர் 1823இல் இறந்தார். 1833இல் பாராளுமன்றச் சட்டமொன்றின் வாயிலாகச் சோன் மனையை நாட்டுக்கு உரித்தாக்கினார். தாம் இறக்கும்போது உள்ளவாறே அது பேணப்படல் வேண்டும், கலை பயில்வார்க்கு இலவசமாய்த் திறந்திருத்தல் வேண்டும் என்பன அவர் கருத்து.

இன்று அது முதலாந் தரப் பாதுகாப்புப் பெற்ற கட்டடம். கட்டணமின்றி யாவருங் காணத்தக்க நூதனசாலை. குறுகிய நிலத்தில் வீடெடுப்பார்க்கு அது புகட்டும் பாடம் ஒன்றுண்டு: பக்கத்தில் ஒளி மறுக்கப்படின், அதனை மேலிருந்து பெறுக என்பதே அது.