தலைநகர் கண்ட நெசவாளர் குடும்பம்

தேசூர், வந்தவாசிக்கு அண்மையில் உள்ளதோர் ஊர். ஆரணிப் பட்டு எனப் பெயர்பெற்ற சேலைகள் நெய்யப்பெறும் வட்டாரத்தைச் சேர்ந்தது. அவ்வூர் நெசவாளர் ஒருவர், தம் முதிய அன்னையையும் மனைவியையும் மக்கள் இருவரையும் கோடை விடுமுறையில் சென்னைக்கு அழைத்துச் செல்ல எண்ணினார். தறி நின்றால் கூலியும் நிற்கும். ஆதலின் ஏற்றிய பாவை நெய்து முடித்துச் சேலையை ஒப்படைத்த பின்னரே புறப்பட்டனர். மூத்தவள் பத்தாம் வகுப்பு மாணவி. “தறிக்குழியில் கால் வைத்தவர்களுக்குத் தலைநகரில் என்ன வேலை?” என அண்டைவீட்டார் ஒருவர் நகைத்துக் கூறிய சொல் அவள் நெஞ்சில் தைத்திருந்தது.

சனிக்கிழமை காலையில் கிளாம்பாக்கத்தில் பேருந்தை விட்டிறங்கி, அருகிலுள்ள வண்டலூர் உயிரியல் பூங்காவிற்குச் சென்றனர். 1855ஆம் ஆண்டு எழும்பூர் அருங்காட்சியக வளாகத்தில் பால்பர் என்பவர் தொடங்கிய விலங்குக்காட்சிச் சாலையே, பின்னர்ப் பெருகி, 1985 முதல் இங்கு விளங்குகிறது. இளையவன் புலியைக் கண்டபின் வேறொன்றையும் காண விரும்பவில்லை. சிறுவரோடு செல்வோர் ஒரே நாளில் ஊர் முழுவதையும் காண முற்படுதல் வீண். அவர்களும் மாலையிலேயே சிந்தாதிரிப்பேட்டையில் இருந்த அத்தை வீட்டை அடைந்து இளைப்பாறினர்.

மறுநாள், ஓய்வுபெற்ற வரலாற்றாசிரியராகிய அத்தையின் கணவர் உடன் வர, எழும்பூர் அருங்காட்சியகம் சென்றனர். அது 1851இல் தோன்றியது, வெள்ளிக்கிழமைகளில் திறவாது. செப்புத் திருமேனிகள் நிறைந்த கூடத்தில், திருவாலங்காட்டுக் கூத்தப்பிரான் முன் பாட்டியார் கைகூப்பி நின்றுவிட்டார். “கோயிலில் இருக்க வேண்டியவர் இங்கு ஏன் நிற்கிறார்?” என்றும் வினவினார். மண்ணில் புதைந்து கிடந்து வெளிப்பட்ட திருமேனிகள் பல, 1878ஆம் ஆண்டுப் புதையல் சட்டத்தின்படி இவ்விடம் சேர்ந்த வரலாற்றை ஆசிரியர் எடுத்துரைத்தார். பாட்டியார் மனம் அமைதியுறவில்லை. அவர் வினாவும் தள்ளத்தக்கதன்று.

அடுத்துப் புனித ஜார்ஜ் கோட்டையை அடைந்தனர். சட்டமன்றமும் தலைமைச் செயலகமும், 1680இல் திறக்கப்பெற்ற புனித மேரி தேவாலயமும் அதனகத்தே உள்ளன. அகன்ற மதிலைக் கண்ட மாணவி, “மாமா! வெள்ளையர் இம்மணல் வெளியை ஏன் தேர்ந்தெடுத்தனர்? இங்குத் துறைமுகமும் இல்லையே!” என்றாள்.

“துணிக்காக, அம்மா” என்றார் ஆசிரியர். “இவ்வட்டாரத்தில் நல்ல பருத்தித் துணி மலிவாகக் கிடைத்தது. அதனை வாங்கிக் கப்பலேற்றவே ஆங்கில வணிகர் இடம் தேடினர். 1639இல் இந்நிலத்தை அவர்களுக்கு அளித்த தாமர்ல வேங்கடாத்திரி நாயக்கர் எவ்வூரிலிருந்து ஆண்டார், அறிவாயா? உங்கள் வந்தவாசியிலிருந்து! அவர் தந்தை சென்னப்பர் பெயரே சென்னப்பட்டினம் ஆயிற்று.”

மாணவி வியந்து தந்தையை நோக்கினாள். ஆசிரியர் மேலும் தொடர்ந்தார். துணி வேண்டுமாயின் நெய்வோர் வேண்டும். ஆகவே ஆங்கில ஆளுநர்களே நெசவாளரை அழைத்துக் குடியேற்றினர். காலெட் என்பவர் திருவொற்றியூருக்கு அருகில் அமைத்த குடியிருப்பு, இன்று மக்கள் வாயில் காலாடிப்பேட்டை ஆகிவிட்டது! மார்ட்டன் பிட் என்பவர் 1734இல் கூவம் ஆற்றின் வளைவில் நூற்போரையும் நெய்வோரையும் சாயமிடுவோரையும் குடியமர்த்தினார். சின்னத் தறிப்பேட்டை என்பதே சிந்தாதிரிப்பேட்டை என மருவியது என்பர்.

“அப்படியானால், நேற்று நாம் உறங்கியது தறிப்பேட்டையிலா!” என்றாள் மாணவி. அதுவரை பேசாதிருந்த தந்தையார், “இப்பொழுது அங்கே தறி ஓசை கேட்கிறதா?” என்று மெல்ல வினவினார். ஆசிரியர் இல்லையெனத் தலையசைத்தார். நெசவாளர் சிறிது நேரம் மதிலையே நோக்கி நின்றார்.

மாலையில் மெரினாக் கடற்கரைக்குச் சென்றனர். கலங்கரை விளக்கத்தின் மேலேறினால் நகரமும் கடலும் ஒருங்கே தோன்றும். பாட்டியாருக்காக அனைவரும் மணலிலேயே அமர்ந்தனர். தொலைவில் நின்ற கப்பல்களை இளையவன் எண்ணிக்கொண்டிருந்தான். “முன்னாளில் அவற்றில் துணி ஏற்றினார்கள்” என அக்காள் அவனுக்குச் சொல்லத் தொடங்கினாள். அவனோ சுண்டல் கேட்டான்.

இரவுப் பேருந்தில் இடம் கிடைத்தது. ஊர் சேர்ந்ததும் ஏற்ற வேண்டிய புதிய பாவின் நிறத்தைப் பற்றித் தந்தையும் மகளும் செங்கற்பட்டு வரையில் பேசிக்கொண்டே சென்றனர்.