ஒரே கொட்டகை, மூன்று உடம்பு

பெங்களூருவில் ஓர் அடுக்குமாடிக் கட்டடம் எழும்புகிறது. பக்கத்தில் வரிசையாகத் தகரக் கொட்டகைகள். கட்டட வேலை செய்பவர்கள் அங்கேதான் தங்குகிறார்கள்.

ஒரு கொட்டகையில் தருமபுரியிலிருந்து வந்த கொத்தனார் குடும்பம். கணவன், மனைவி, நான்கு வயது மகள். தட்டிக்கு அந்தப் பக்கம் இரண்டு பேர். ஒருவர் ஒடிசாக்காரர். கம்பி கட்டுபவர். சென்ற மாதம்தான் ஊருக்குப் போய்த் திரும்பினார். இன்னொருவர் நீலகிரி மாவட்டம் கூடலூர்ப் பக்கத்திலிருந்து வந்த பழங்குடி இளைஞர்.

மழைக்காலம். லிஃப்ட் குழியில் தண்ணீர் தேங்கியது. சிமெண்ட் தொட்டிக்கு மூடி இல்லை. கொசு பெருகியது. எல்லோரையும் கடித்தது.

சிறுமிக்குக் காய்ச்சல் வந்தது. முதலில் குளிர். பல் கிட்டிப்போகும் நடுக்கம். பிறகு அனலாகக் கொதிக்கும் காய்ச்சல். கடைசியில் வேர்த்துக் கொட்டியது. மறுநாள் ஓடி விளையாடினாள். அதற்கு அடுத்த நாள் மறுபடியும் நடுக்கம்.

சுகாதார நிலையத்திலிருந்து நர்ஸ் வந்தார். சிறுமியின் விரலில் குத்தி இரத்தம் எடுத்தார். மற்ற எல்லோரையும் கூப்பிட்டார்.

“எனக்கு எதற்கு சிஸ்டர்? நான் நன்றாகத்தானே இருக்கிறேன்?” என்றார் ஒடிசாக்காரர், அரைகுறைத் தமிழில்.

“எங்கள் ஆட்களுக்கு மலேரியா அண்டாது சிஸ்டர். எங்கள் இரத்தம் அப்படி” என்றார் கூடலூர் இளைஞர்.

“இருக்கட்டும் தம்பி, கையை நீட்டுங்கள்” என்றார் நர்ஸ்.

சோதனை முடிவு வந்தது. சிறுமியின் இரத்தத்தில் மலேரியாக் கிருமி இருந்தது. ஒடிசாக்காரர் இரத்தத்திலும் இருந்தது! கூடலூர் இளைஞர் இரத்தத்தில் இல்லை.

தாய் கேட்டாள்: “அண்ணன் உடம்பிலும் கிருமி இருக்கிறது. அவர் மூட்டை தூக்குகிறார். என் பிள்ளை மட்டும் ஏன் துவண்டு போனாள்?”

நல்ல கேள்வி. பதிலைப் பார்ப்போம்.

கிருமி எப்படி வருகிறது?

ரொனால்ட் ராஸ் என்ற ஆங்கிலேய இராணுவ மருத்துவர் 1883-இல் இதே பெங்களூருவில் வேலை பார்த்தார். அவருடைய பங்களாவில் கொசுத் தொல்லை. சன்னலுக்கு வெளியே ஒரு தொட்டி இருந்தது. அதில் கொசுப் புழுக்கள் நெளிந்தன. தொட்டியைக் கவிழ்த்தார். கொசு குறைந்தது.

கொசுவுக்கும் மலேரியாவுக்கும் உள்ள உறவு அப்போது அவருக்குத் தெரியாது. 1897-இல் செகந்திராபாத்தில் ஒரு கொசுவின் வயிற்றுக்குள் மலேரியாக் கிருமியைக் கண்டார். அதற்காக 1902-இல் நோபல் பரிசு பெற்றார்.

நோயாளியைக் கடிக்கும் அனோபிலிஸ் பெண் கொசு, இரத்தத்தோடு கிருமியையும் உறிஞ்சுகிறது. கிருமி கொசுவுக்குள் வளர்கிறது. அந்தக் கொசு அடுத்தவரைக் கடிக்கும்போது கிருமி அவர் உடம்பில் நுழைகிறது. முதலில் கல்லீரலில் தங்கிப் பெருகுகிறது. பிறகு இரத்தத்தின் சிவப்பணுக்களில் புகுகிறது. அணுவைத் தின்று பெருகி, அதை உடைத்துக்கொண்டு வெளியே வருகிறது. அப்போதுதான் நடுக்கமும் காய்ச்சலும் வருகின்றன.

நம் நாட்டில் இரண்டு வகைக் கிருமிகள் அதிகம். ஒன்று வைவாக்ஸ். மற்றது பால்சிபாரம். பால்சிபாரம் மூளையைத் தாக்கி உயிரைப் பறிக்கக்கூடும்.

இந்தக் கிருமியோடு போராட உடம்புக்கு இரண்டு கேடயங்கள் உண்டு. ஒன்று சம்பாதித்த கேடயம். மற்றொன்று பிறவிக் கேடயம்.

சம்பாதித்த கேடயம்

ஒடிசாவின் காட்டுப் பகுதிகளில் மலேரியா நெடுங்காலமாக இருந்து வருகிறது. கம்பி கட்டுபவர் அங்கே வளர்ந்தவர். சிறு வயதில் பல முறை காய்ச்சலில் கிடந்து பிழைத்தவர். ஒவ்வொரு முறையும் அவர் உடம்பு கிருமியோடு சண்டை போடக் கற்றுக்கொண்டது. அதனால் இப்போது கிருமியை அடக்கி வைக்கிறது. ஆனால் அடியோடு அழிக்கவில்லை.

இதில் ஓர் ஆபத்து உண்டு. காய்ச்சல் இல்லாதவர் மருந்து தின்ன மாட்டார். அவரைக் கடிக்கும் கொசு கிருமியை எடுத்துக்கொண்டு போய் அடுத்த வீட்டுக் குழந்தைக்குக் கொடுக்கும். அவர் மேல் குற்றம் இல்லை. அவருக்கே அது தெரியாது. அதனால்தான் நர்ஸ் எல்லோர் இரத்தத்தையும் எடுத்தார்.

இந்தக் கேடயம் நிலையானதும் அல்ல. மலேரியா இல்லாத ஊரில் சில ஆண்டுகள் வாழ்ந்தால் தேய்ந்துவிடும்.

தாயிடமிருந்து பச்சைக் குழந்தைக்குச் சில மாதங்களுக்குக் கொஞ்சம் பாதுகாப்பு கிடைக்கும். பிறகு அது போய்விடும். நான்கு வயதுச் சிறுமியின் உடம்பு மலேரியாவை முன்பின் பார்த்ததில்லை. அதனால்தான் துவண்டு போனாள். கர்ப்பிணிகளுக்கும் இந்தப் பாதுகாப்பு குறைகிறது.

பிறவிக் கேடயம்

கூடலூர் இளைஞர் சொன்னதில் பாதி உண்மை. மீதிப் பாதி என்ன?

நம் சிவப்பணு வட்டமான தட்டுப் போல இருக்கும். சிலருக்கு அது அரிவாள் போல வளைந்துவிடும். அரிவாள் அணு என்று இதற்குப் பெயர். 1952-இல் லேமன், கட்புஷ் என்ற இரண்டு ஆராய்ச்சியாளர்கள் நீலகிரிப் பழங்குடி மக்களிடம் இது இருப்பதை எழுதினார்கள். நாட்டின் வேறு பல பழங்குடி மக்களிடமும் இது உண்டு.

இது ஒட்டிக்கொள்ளும் நோய் அல்ல. மரபணு வழியாக வருவது. அப்பா முகம், அம்மா நிறம் பிள்ளைக்கு வருகிறதே, அதுபோல.

ஒவ்வொரு பிள்ளையும் தாயிடமிருந்து ஒன்றும், தந்தையிடமிருந்து ஒன்றுமாக இரண்டு மரபணு பெறுகிறது. இரண்டும் அரிவாள் மரபணு என்றால் கடும் நோய். இரத்தம் குறையும். கை கால் மூட்டுகளில் தாங்க முடியாத வலி வரும். ஒன்று மட்டும் அரிவாள் என்றால் பெரும்பாலும் நோய் இல்லை. அப்படிப்பட்டவருக்கு வாகர் என்று பெயர்.

வாகரின் சிவப்பணுவுக்குள் பால்சிபாரம் கிருமி புகுந்தால், அந்த அணு எளிதில் வளைந்துவிடும். உடம்பு அதைப் பழுதான அணு என்று கண்டுகொண்டு, மண்ணீரலில் அழித்துவிடும். கிருமியும் அதோடு அழியும். அதனால் வாகருக்குக் கடுமையான பால்சிபாரம் மலேரியா வருவது மிகவும் குறைவு.

இரத்தக் கோளாறு ஒன்று மலேரியாவுக்குக் கேடயமாகலாம் என்று 1949-இல் ஜே. பி. எஸ். ஹால்டேன் என்ற விஞ்ஞானி எழுதினார். இங்கிலாந்தில் பிறந்த அவர் பின்னாளில் இந்தியக் குடிமகன் ஆனார். 1964-இல் புவனேசுவரத்தில் காலமானார். அரிவாள் அணு மலேரியாவைத் தடுப்பதை 1954-இல் அந்தோனி அலிசன் என்ற மருத்துவர் ஆப்பிரிக்காவில் காட்டினார்.

மலேரியா மிகுந்த இடங்களில் தலைமுறை தலைமுறையாக வாகர்களே அதிகம் பிழைத்தார்கள். அதனால்தான் இந்த மரபணு அழியாமல் நின்றது. இது சாபம் அல்ல. யாருடைய பாவமும் அல்ல. முன்னோர் உயிரைக் காத்த கேடயம். ஆனால் அதற்கு விலை உண்டு.

கணவனும் மனைவியும் வாகர்களாக இருந்தால், பிறக்கும் ஒவ்வொரு குழந்தைக்கும் நான்கில் ஒரு பங்கு வாய்ப்பு கடும் நோய்க்கு உண்டு. ஒவ்வொரு பிரசவமும் புதிதாகச் சீட்டு எடுப்பது போலத்தான். முதல் குழந்தை தப்பிவிட்டால் அடுத்தது தப்பும் என்று சொல்ல முடியாது.

ஆகவே கல்யாணத்துக்கு முன்பே இரத்தச் சோதனை செய்வது நல்லது. 2023 ஜூலையில் அரிவாள் அணுச் சோகையை ஒழிக்கும் தேசிய இயக்கம் தொடங்கியது. பழங்குடிப் பகுதிகளில் இரத்தம் சோதித்து அட்டை தருவது அந்த இயக்கத்தின் வேலைகளில் ஒன்று.

“தம்பி, நீங்கள் வாகரா இல்லையா என்பதைச் சோதனைதான் சொல்லும். வாகராக இருந்தாலும் வலைக்குள்தான் படுக்க வேண்டும். வைவாக்சைத் தடுக்க இந்தக் கேடயத்தை நம்ப முடியாது” என்றார் நர்ஸ். இளைஞர் யோசித்தார். ஊரில் அவருக்குப் பெண் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

மாத்திரையில் கவனம்

இன்னொரு பிறவிக் குறையும் உண்டு. சிவப்பணுவைக் காக்கும் ஜி6பிடி என்ற பொருள் சிலருக்குக் குறைவு. இதுவும் மலேரியாவை ஓரளவு தடுப்பதாக நம்பப்படுகிறது. ஆண்களிடம் இது அதிகம் தெரிகிறது.

வைவாக்ஸ் கிருமி கல்லீரலில் ஒளிந்துகொள்ளும். சில மாதம் கழித்து மீண்டும் காய்ச்சலைத் தரும். அதை அழிக்கப் பிரைமாகுவின் மாத்திரையை 14 நாள் தருகிறார்கள். ஜி6பிடி குறைந்தவர்களுக்கு இந்த மாத்திரையால் சிவப்பணு உடையலாம். சிறுநீர் கறுத்தோ கருஞ்சிவப்பாகவோ போனால், உடனே மாத்திரையை நிறுத்தி மருத்துவரிடம் போக வேண்டும். கர்ப்பிணிகளுக்கும் கைக்குழந்தைகளுக்கும் இதைத் தரக்கூடாது.

மற்றவர்கள் பாதியில் நிறுத்தக்கூடாது. காய்ச்சல் போனது என்றால் கிருமி போனது என்று பொருள் அல்ல.

நம் கையில் உள்ள கேடயம்

மலேரியாவுக்குத் தடுப்பூசியும் வந்திருக்கிறது. உலக சுகாதார நிறுவனம் 2021-இல் ஒன்றையும், 2023-இல் இன்னொன்றையும் பரிந்துரைத்தது. இரண்டாவது ஊசிமருந்து புனே நகரில் தயாராகிறது. ஆப்பிரிக்கக் குழந்தைகளுக்குப் போடப்படுகிறது. அதுவும் முழுக் கேடயம் அல்ல.

கொட்டகைக்காரர்கள் என்ன செய்தார்கள்? சிமெண்ட் தொட்டிக்கு மூடி போட்டார்கள். லிஃப்ட் குழித் தண்ணீரை இறைக்கும்படி மேஸ்திரியிடம் எல்லோரும் சேர்ந்து போய்க் கேட்டார்கள். தண்ணீர் இறைக்கப்பட்டது. ஒடிசாக்காரர் காய்ச்சல் இல்லாமலே மாத்திரை முழுவதும் சாப்பிட்டார். சிறுமி தேறினாள்.

கூடலூர் இளைஞர் கொசுவலை வாங்கினார். அடுத்த முறை ஊருக்குப் போனபோது இரத்தச் சோதனைக்குப் போனார். பார்த்து வைத்திருந்த பெண்ணையும் சோதனைக்கு வரச் சொன்னார்.

பதில் சொல்லுங்கள்

1. காய்ச்சல் இல்லாதவருக்கும் ஏன் இரத்தச் சோதனை வேண்டும்?
2. ஒடிசாக்காரரின் கேடயத்துக்கும் வாகரின் கேடயத்துக்கும் என்ன வேறுபாடு?
3. கணவன், மனைவி இருவரும் வாகர்களாக இருந்தால் குழந்தைக்கு என்ன ஆகலாம்?
4. உங்கள் வீட்டைச் சுற்றித் தண்ணீர் எங்கெங்கே தேங்குகிறது? பார்த்து எழுதுங்கள்.